தேடினால் கிடைக்கவில்லையா, தேடவே இல்லையா? கோட் தேடல் கருவிகள் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

கோட் எழுதும் ஏஐ ஏஜென்ட்டுக்கு, ஃபைல்களுக்குள் தேடும் ரிப்கிரெப் என்ற நிரலை வைத்து ஒரு தேடல் கருவி செய்து கொடுத்திருக்கிறோம். விளக்கத்தில் 'கோடில் தேடும்' என்று ஒரு வரி போட்டிருக்கிறோம். போதாதா?

போதாது. கருவியின் பெயர், விளக்கம், பாராமீட்டர் விவரம், இவ்வளவுதான் ஏஜென்ட்டை இயக்கும் மாடலின் கண்ணில் படும். உள்ளே ஓடுவது ரிப்கிரெப் என்பது அதற்குத் தெரியாது. 'தேடும்' என்று மட்டும் படித்துவிட்டு, 'யூசர் லாகின் எங்கே நடக்கிறது' என்று முழு வாக்கியத்தையும் அனுப்பிவிடும். இப்படி எழுதிப் பாருங்கள் (ரீஜெக்ஸ் என்பது எழுத்து வடிவங்களைக் குறிக்கும் தேடல் மொழி):

'ஃபைல்களுக்குள் ரீஜெக்ஸ் கொண்டு தேடும். ஃபைல் பாதை, வரி எண், அந்த வரி ஆகியவற்றைத் தரும். ஃபங்ஷன் பெயர், எரர் செய்தி என்று சரியான சொல் கையில் இருக்கும்போது பயன்படுத்தவும். ஃபைல் பெயரைக் கண்டுபிடிக்க வேறு கருவி இருக்கிறது.'

கடைசி வரியில் அந்த வேறு கருவியின் பெயரையே போட்டுவிடுங்கள்.

ஃபங்ஷன் ஏற்கெனவே இருக்கிறது. ஏஜென்ட் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவுகட்டி, புதிதாக இன்னொன்று எழுதிவிடுகிறது. மாடலை மாற்ற வேண்டுமா?

முதலில் விளக்கத்தை மாற்றுங்கள். எனக்கு வரும் கேள்விகளில் அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். ரிப்கிரெப் தானாகவே சிலவற்றை ஒதுக்கிவிடும்: கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் உள்ளவை, புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபைல்களும் ஃபோல்டர்களும், பைனரி ஃபைல்கள். மனிதருக்கு இது வசதி. ஏஜென்ட்டுக்கோ, சொல்லாமல் விட்டால் பொறி. புரோட்டோபஃப் என்ற கருவி தானாக உருவாக்கிய கோடைப் பல அணிகள் கிட்இக்னோரில்தான் போட்டு வைக்கின்றன. கிட்ஹப்பின் பில்ட் அமைப்புகள் இருக்கும் ஃபோல்டரும் புள்ளியில்தான் தொடங்குகிறது. அங்கே இருக்கும் எதைத் தேடினாலும் பூஜ்யம்தான் வரும்.

ஆகவே எவை தேடப்படுவதில்லை, அவற்றையும் சேர்க்க எந்த பாராமீட்டர் என்பதை விளக்கத்தில் எழுதுங்கள். தேடல் வரி வரியாகத்தான் நடக்கும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆர்குமென்ட்களை அடுத்தடுத்த வரிகளில் பிரித்து எழுதிய ஃபங்ஷன் அழைப்பு, மல்டிலைன் வசதியை இயக்காமல் ஒரே வடிவத்தில் சிக்காது.

அப்புறம் இன்னொன்று. பொருத்தம் எதுவும் இல்லாவிட்டால் ரிப்கிரெப் 1 என்ற எண்ணோடு முடியும். ரீஜெக்ஸே தவறு என்றால் 2. உங்கள் கருவி இரண்டையும் காலிப் பட்டியலாகத் திருப்பினால், அடைப்புக்குறியை மூட மறந்த ஏஜென்ட்டும் 'இந்த ஃபங்ஷன் இல்லை' என்றே நம்பும். பிழைச் செய்தியை அப்படியே காட்டுங்கள். முடிவுகளைப் பாதியில் வெட்டினாலும் 'முதல் 100 மட்டும், இன்னும் இருக்கிறது' என்று பதிலிலேயே சொல்ல வேண்டும்.

ரீஜெக்ஸ் என்று சொன்னால் மாடலுக்குப் புரியாதா?

எந்த ரீஜெக்ஸ் என்று புரியாது. 1970களில் கென் தாம்சன் எழுதிய கிரெப் என்ற தேடல் நிரலின் வழியில், கூட்டல் குறி என்றால் வெறும் கூட்டல் குறி. ரிப்கிரெப்பில் அது 'ஒன்று அல்லது அதற்கு மேல்'. மாடல் இரண்டையும் படித்து வளர்ந்தது. 'ரஸ்ட் ரீஜெக்ஸ், லுக்அஹெட், பேக்ரெஃபரன்ஸ் கிடையாது, நெளிவு அடைப்புக்குறிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் போடவும்' என்று எழுதினால் பாதிச் சிக்கல் தீரும் (ரிப்கிரெப் பயன்படுத்துவது ரஸ்ட் மொழியின் ரீஜெக்ஸ்; லுக்அஹெட்டும் பேக்ரெஃபரன்ஸும் வேறு சில ரீஜெக்ஸ்களில் உள்ள வசதிகள்). எழுத்துக்கு எழுத்து தேடும் வழி ஒன்றையும் தனி பாராமீட்டராகக் கொடுங்கள்.

பொருள் அறிந்து தேடும் எம்பெடிங் தேடலும் வைத்திருக்கிறோம். ஏஜென்ட் இரண்டையும் குழப்பிக்கொள்கிறது.

இரண்டின் குணத்தையும் எதிரெதிராக வைத்து எழுதுங்கள். எம்பெடிங் தேடல் 'பணம் திருப்பித் தரும் லாஜிக் எங்கே' போன்ற கேள்விக்கு நல்லது. ஆனால் பொருத்த மதிப்பெண்ணில் ஒரு கீழ்வரம்பு வைக்காவிட்டால் அது கைவிரிக்கவே செய்யாது. தொடர்பே இல்லாவிட்டாலும் இருப்பதில் நெருக்கமான பத்தை எடுத்து நீட்டும். 'முடிவு வந்ததாலேயே அது இருக்கிறது என்று கொள்ள வேண்டாம், ஃபைலைத் திறந்து பார்க்கவும்' என்ற வரி அவசியம். ஏஜென்ட் சற்று முன் திருத்திய கோட் இன்டெக்ஸில் ஏறியிருக்காது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

விளக்கம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

கருவியின் விளக்கம் ஒவ்வொரு அழைப்பிலும் மாடலுக்குப் போகிறது, டோக்கன் (மாடல் படிக்கும் எழுத்துத் துண்டு) செலவாகிறது. அதனால் புகழ்ச்சியை வெட்டுங்கள். 'அதிவேகமான, சக்திவாய்ந்த' என்பதால் ஏஜென்ட்டுக்கு ஒரு பயனும் இல்லை. எல்லைகளைச் சொல்லும் வரிகளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எங்கள் ஆப்பில் தமிழ்ச் செய்திகள் உண்டு. திரையில் தெரியும் வாக்கியத்தைக் கொடுத்தாலும் தேடல் கண்டுபிடிப்பதில்லை.

இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான். ரிப்கிரெப் இவற்றை இணைத்துப் பார்க்காது. இரண்டு, தரவைச் சேமிக்கும் ஜேசான் வடிவத்துக்கான பைத்தான் நூலகம், நிறுத்தச் சொல்லாவிட்டால், தமிழ் எழுத்துகளை யூனிகோட் எண்களாக மாற்றித்தான் எழுதும். ஃபைலில் அந்த வாக்கியம் தமிழாகவே இருக்காது.

சரி, வழி என்ன? செய்திகளை, இப்படிப்பட்ட குறிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள், தேடும் சொல்லையும் கருவிக்குள்ளேயே அப்படி மாற்றுங்கள், ஜேசானில் எண்களாக மாற்றுவதை நிறுத்துங்கள். அதுவரைக்கும் விளக்கத்தில் 'தமிழ்ச் செய்திகளை அவற்றின் கீ பெயரைக் (கோடில் அவற்றைக் குறிக்கும் பெயர்) கொண்டு தேடவும்' என்று ஒரு வரி இருக்கட்டும்.