சந்தா கட்டலாமா, கேமை வாங்கலாமா? கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவர்): மாதப் பணம் கட்டி நிறைய கேம்கள் விளையாடும் மைக்ரோசாஃப்டின் சந்தாவான கேம் பாஸ் அல்டிமேட் கட்டணத்தை இப்படி ஏற்றிவிட்டார்களே, இனியும் கட்டலாமா ஐயா?

பதில்: 2017இல் கேம் பாஸ் வந்தபோது அமெரிக்காவில் மாதத்துக்கு 9.99 டாலர். 2019இல் அதன் உயர்நிலைத் திட்டமான அல்டிமேட் 14.99 டாலரில் தொடங்கியது, 2023இல் 16.99, 2024இல் 19.99, 2025 அக்டோபரில் 29.99. அந்த முறை ஒரேயடியாக ஐம்பது சதவீதம்! அந்தக் கட்டணத்தில் ஆண்டுக்குச் சுமார் 360 டாலர் ஆகும். அந்தப் பணத்தில் 70 டாலர் விலையுள்ள புதிய கேம்கள் ஐந்து வாங்கலாம். ஆகவே, சென்ற ஆண்டு எத்தனை கேம்களை விளையாடி முடித்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மூன்றுதான் என்றால் சந்தா வீண். மாதம் ஒன்றை முடிப்பவருக்கு இப்போதும் லாபமே. நீங்கள் காத்திருக்கும் கேம் வரும் மாதத்துக்கு மட்டும் கட்டி, தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றே நிறுத்திவிடவும் செய்யலாம்.

கேள்வி (ஒரு தாய்): மகன் ஃபோர்ட்நைட் மட்டுமே விளையாடுகிறான். சோனியின் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா அவசியமா?

பதில்: அவசியமில்லை அம்மா. ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களை ஆன்லைனில் விளையாட அந்தச் சந்தா தேவையே இல்லை.

கேள்வி: கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் காசு கொடுத்து வாங்கியது எனக்குச் சொந்தம்தானே?

பதில்: இல்லை. உங்களுக்குக் கிடைப்பது விளையாடும் உரிமம் மட்டுமே. 2024 அக்டோபர் முதல் ஸ்டீமே பணம் செலுத்தும் பக்கத்தில் இதைச் சொல்கிறது. இதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்ற கலிபோர்னியச் சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உரிமம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ 2014இல் வெளியான கார் பந்தய கேம். தனியாக விளையாடவும் சர்வர் இணைப்பு வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை மூடினார்கள்; டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதன்பின் விளையாட முடியவில்லை. முழு விலை வாங்கிய பொருளை இப்படிச் செயலிழக்கச் செய்வது அநியாயம். அந்தக் கோபத்தில்தான் யூடியூபர் ராஸ் ஸ்காட் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ (கேம்களைக் கொல்லாதீர்கள்) இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்திடம் அளிக்கும் கோரிக்கைக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் எதைத்தான் நம்பி வாங்குவது?

பதில்: கணினியில் விளையாடுபவர் என்றால் முதலில் ஜிஓஜி (GOG) என்ற கேம் விற்பனைத் தளத்தில் தேடுங்கள். அங்கே வாங்கும் கேமின் இன்ஸ்டாலரைத் தரவிறக்கி, வெளி ஹார்ட் டிஸ்கில் சேமித்துக்கொள்ளலாம்; பிறகு இணையம் இல்லாமலே நிறுவலாம். கன்சோல்காரர்கள் டிஸ்க் வாங்குவதற்கு முன், முழு கேமும் அதில் இருக்கிறதா, ஆன்லைன் இணைப்பில்லாமல் ஓடுமா என்று விசாரியுங்கள். முடித்த பிறகு டிஸ்கை விற்றுக் கொஞ்சம் பணத்தையாவது எடுக்கலாம். சந்தாவில் அதற்கு வழியே கிடையாது.