மூன்று மணிக் கஞ்சி

அன்புள்ள ஐயா,

தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். கணவருக்கு வாயில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து இப்போது கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கிறார்கள். 30-ல் 17 ஆகிவிட்டது. வாரம் ஒரு கீமோவும் உண்டு. சாப்பாடு மூக்கில் போட்ட ட்யூப் வழியாகத்தான், இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. தையல் வேலையை நிறுத்திவிட்டேன். பேச முடியாததால் நோட்டில் எழுதிக் காட்டுகிறார். எனக்குப் புரியாவிட்டால் நோட்டைத் தூக்கி எறிகிறார். பார்க்க வருகிறவர்கள் "தைரியமா இரு" என்று சொல்லி ஆரஞ்சு வைத்துவிட்டுப் போகிறார்கள். அதை அவரால் சாப்பிடவா முடியும்? ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகளைத் தனியாகப் படுக்க வை என்கிறார் நாத்தனார். போன வாரம் ஒரு ராத்திரி, எப்படியாவது இதெல்லாம் முடிந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். அதிலிருந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நாத்தனார் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். புற்றுநோய் ஒட்டாது. வெளியிலிருந்து மெஷினில் வைக்கும் கரண்ட் உடம்பில் தங்கி மற்றவர்களுக்குப் பரவுவதும் இல்லை. பிள்ளைகள் அப்பா பக்கத்திலேயே படுக்கட்டும். அவர்களுக்குச் சளி, காய்ச்சல் என்றால் மட்டும் அவருக்காகத் தள்ளியிருக்க வேண்டும். நாத்தனாரோடு வாதாடாதீர்கள். அடுத்த கீமோவுக்குக் கூட்டிப்போய் டாக்டர் வாயாலேயே கேட்க வையுங்கள். அன்றைக்கு வரிசையில் நிற்க ஓர் ஆளும் ஆயிற்று.

அந்த ராத்திரி நினைப்பு எனக்கும் வந்திருக்கிறது. என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். அப்போது பழைய வண்ணாரப்பேட்டையில், பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கும் ஒரு ஸ்டோர் வீட்டில் இருந்தோம். கீமோ போட்டு மூன்றாம் நாள், வாந்தி வாளியைக் கழுவிக்கொண்டிருக்கும்போது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. பாதி கழுவிய வாளியோடு நின்றபோதுதான் வந்தது அந்த நினைப்பு. அவள் போய்விட வேண்டும் என்றா நினைத்தேன்? வாளி கழுவுவது முடிய வேண்டும் என்று நினைத்தேன். தூக்கமில்லாத மண்டைக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கவெல்லாம் வேண்டாம். ஆனால் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். எனக்கு எழுதினீர்கள், சரி. அடுத்து நேரில் ஒருவரிடம் சொல்லுங்கள். சிகிச்சை பார்க்கும் இடத்தில் கவுன்சிலர் உண்டா என்று நர்ஸிடம் கேளுங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கென்று ஒரு துறையே இருக்கிறது. அந்த மருத்துவமனை 1954-ல் வந்ததற்குப் பின்னால், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஓர் அக்கா இருக்கிறார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத்தான் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு மனசு தாங்கவில்லை என்றால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

நோட்டு பறப்பதைப் பற்றி. வாய் பேச முடியாதவருக்குக் கோபத்தைக் காட்ட வேறு வழி கிடைக்காமல் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. வாந்தி வராமலிருக்கக் கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டு சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கிளப்பும். எந்தெந்த நாளில் எறிகிறார் என்று காலண்டரில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள். வலி இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள், வாய்க்குள் கரண்ட் புண் லேசுப்பட்டதல்ல. அதற்காக எறிவதையெல்லாம் பொறுத்துக்கொண்டு குனிந்து பொறுக்க வேண்டியதில்லை. நோட்டு கிடக்கட்டும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து எடுங்கள்.

ஆரஞ்சுக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நாமும் சொல்வதில்லை. எங்கள் எதிர் வீட்டம்மாவுக்குக் காசிமேட்டு மீன் இல்லாமல் சோறு இறங்காது. கீமோ நாட்களில் அந்த எண்ணெய் வாசனை வந்தாலே என் மனைவிக்குக் குமட்டும். சொல்லக் கூச்சப்பட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேர்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவரே கேட்டார், "அக்காவுக்கு என்னைக்கு ஊசிண்ணே?" தேதியைச் சொன்னேன். தன் வீட்டுத் தினசரி காலண்டரில் அந்தத் தாள்களின் மூலையை மடித்து வைத்தார். மடித்த நாட்களில் அந்த வீட்டில் மீன் வறுபடவில்லை, வெறும் ரசம்தான். இத்தனைக்கும் என் சொந்தத் தம்பிக்கு எத்தனை கீமோ என்றுகூடத் தெரியாது. நான் சொன்னால்தானே தெரியும்!

அதனால் அடுத்து "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று வருகிறவரிடம் "ஒண்ணும் வேணாம்" என்ற பழைய பாட்டைப் பாடாமல் ஒரு வேலையைச் சொல்லுங்கள். ஒருவர் பிள்ளைகளை டியூஷனிலிருந்து கூட்டி வரட்டும், ஒருவர் ராகியை அரைத்துச் சலித்துக் கொடுக்கட்டும். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றியும் விசாரியுங்கள். வலி தணிப்புச் சிகிச்சைக்கு வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஏற்பாடு அதில் உண்டு. வலி தணிப்பு என்றதும் பயந்துவிடாதீர்கள், அது கடைசிக் கட்டத்துக்கு மட்டுமானதல்ல.

ட்யூப் வேலையை உங்களோடு சேர்த்து இன்னொருவருக்கும் கற்றுக்கொடுக்கும்படி நர்ஸிடம் கேளுங்கள். தலைமாட்டை உயர்த்துவது, கஞ்சிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் விடுவது, முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க விடாமல் இருப்பது, எல்லாம் அவர் கண்ணால் பார்க்கட்டும். அண்ணனோ கொழுந்தனாரோ, கை நடுங்காத யாராவது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக் கஞ்சியை நீங்கள் பக்கத்தில் நிற்க அவர் விடட்டும். அடுத்த ஞாயிறு அவர் மட்டும் போதும், நீங்கள் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.