ஆசரிப்புக் கூடாரத்துக்கு இத்தனை அளவுகள் ஏன்? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதிக்க அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றி, வேதாகமத்தின் யாத்திராகமம் 25 முதல் 31 வரை முழக்கணக்கும் வளையமும் கொக்கியுமாகவே போகிறது. ஆராதனைக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு?

பதில்: 32-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். மோசே மலைமேல் கட்டளைகளைப் பெற்றுக்கொண்டிருக்கும்போதே கீழே ஜனங்கள் வணங்க ஒரு பொன் கன்றுக்குட்டி தயாராகிவிட்டது. அதன்முன் பலிபீடம் கட்டிய மோசேயின் அண்ணன் ஆரோன், "நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை" என்றுதான் கூறினான். கர்த்தரின் பெயரைச் சொல்லிக்கொண்டே அவர் வெறுத்ததைச் செய்தார்கள். முறையை நம் விருப்பத்துக்கு விட்டால் நடப்பது இதுதான். அதனால்தான் 40-ஆம் அதிகாரத்தில் கூடாரத்தை நிறுத்தும்போது, ஒவ்வொரு வேலை முடிந்ததும் "கர்த்தர் கற்பித்தபடியே" என்று 7 முறை வருகிறது.

கேள்வி: தாவீது ராஜா உடன்படிக்கைப் பெட்டியை வண்டியில் கொண்டுவந்தபோது, மாடுகள் மிரள, ஊசா என்பவன் நல்ல எண்ணத்தில்தானே அதைப் பிடித்தான்? அவனுக்கு ஏன் மரணம்?

பதில்: பலருக்கும் உறுத்தும் பகுதி இது. தவறு அவன் கை நீட்டுவதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. பெட்டியின் நீளம் இரண்டரை முழம், அகலமும் உயரமும் ஒன்றரை முழம். சீத்திம் மரத்தில் செய்து உள்ளும் புறமும் பொன்தகடு வேய்ந்தது. 4 வளையங்களில் செருகிய தண்டுகளைக் கழற்றவே கூடாது. பயணத்துக்குமுன் ஆசாரியர் அதைத் திரைச்சீலையாலும், அதன்மேல் தோலாலும், அதற்குமேல் நீலத் துணியாலும் மூடவேண்டும். பிறகே லேவி கோத்திரத்தின் ஒரு பிரிவான கோகாத் புத்திரர் வந்து தோளில் சுமப்பார்கள். தொட்டால் சாவார்கள் என்ற எச்சரிப்பும் எண்ணாகமம் 4-இல் அவர்களுக்கு இருந்தது. எண்ணாகமம் 7-இல், லேவியரின் மற்ற இரு பிரிவுகளில் கெர்சோன் புத்திரருக்கு 2 வண்டிகள், மெராரி புத்திரருக்கு 4 வண்டிகள். கோகாத் புத்திரருக்கு ஒன்றுகூட இல்லை.

தாவீதோ புது வண்டியில் ஏற்றினார். அது, முன்பு பெட்டியைப் பிடித்துச் சென்ற எதிரிகளான பெலிஸ்தர் அதைத் திருப்பி அனுப்பிய விதம். மாடுகள் மிரண்டன, கை நீண்டது. தண்டுகள் தோளில் இருந்திருந்தால் எந்தக் கையும் பெட்டியருகே போயிருக்காது. உயிரைக் காக்கவே கொடுத்த ஏற்பாட்டை ஒதுக்கிவிட்டு, நல்ல எண்ணத்தை மட்டும் நம்பினார்கள். 1 நாளாகமம் 15-இல் தாவீதே இந்தக் காரணத்தைச் சொல்லி, அடுத்த முறை லேவியரைச் சுமக்கவைத்தார்.

கேள்வி: கூடாரத்தையும் ஆசாரியரையும் பரிசுத்தப்படுத்தப் பூசிய அபிஷேக தைலத்தின் அளவு என்ன? நாமே தயாரிக்கலாமா?

பதில்: வெள்ளைப்போளம் 500 சேக்கல் (எடை அளவு), கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, ஒலிவ எண்ணெய் ஒரு ஹின் (திரவ அளவு). அந்த முறைப்படி வேறு எவரும் செய்யக்கூடாது என்று அதே அதிகாரம் (யாத். 30) தடுக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வந்துவிட்டால் அது வெறும் வாசனைத் தைலம்தான்.

கேள்வி: பலி செலுத்த வசதியில்லாதவர் என்ன செய்வார்?

பதில்: லேவியராகமம் 5-ஐப் பாருங்கள். ஆட்டுக்கு வகையில்லையா, 2 காட்டுப்புறாக்கள் அல்லது 2 புறாக்குஞ்சுகள். அதற்கும் வழியில்லையா, ஒரு எப்பாவில் (தானிய அளவு) பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு. எண்ணெயும் தூபவர்க்கமும் சேர்க்கக்கூடாது. வாசலில் யாரும் நின்றுவிடக்கூடாது என்பதற்காகவும் விவரம் எழுதப்பட்டிருக்கிறது.

கேள்வி: அப்படியானால் ஒரு விதி தவறினாலும் தள்ளிவிடுவாரா?

பதில்: இல்லை. யூதாவின் ராஜாவான எசேக்கியாவின் நாளில் அநேகர் தங்களைச் சுத்திகரிக்காமலே பஸ்கா என்னும் பண்டிகை விருந்தைப் புசித்தார்கள். தேவனைத் தேட இருதயத்தை நேராக்கினவர்களை மன்னிக்கும்படி ராஜா ஜெபித்தார். கர்த்தர் கேட்டு ஜனங்களுக்குச் சுகம் கொடுத்தார் (2 நாளாகமம் 30). அறிந்தே மாற்றுவதும், தேடி வந்து குறைவுபடுவதும் ஒன்றல்ல.

கேள்வி: பலிகள் இப்போது இல்லையே, நமக்கு இதில் என்ன?

பதில்: பலிகள் கிறிஸ்துவில் நிறைவேறின என்று எபிரெயர் 9, 10 விளக்குகிறது. ஆனாலும் சபைக்கு ஒழுங்கு உண்டு. ஆவியின் வரமாகப் பேசும் அந்நியபாஷையில் 2 பேர், மிஞ்சினால் 3 பேர், ஒவ்வொருவராகப் பேசவேண்டும். அர்த்தம் சொல்ல ஆளில்லை என்றால் சபையில் பேசாமலிருக்கவேண்டும். 1 கொரிந்தியர் 14 இதைத் தெளிவாகவே சொல்கிறது.