ஃபைட்டர் மீனுக்கு எந்தத் தொட்டி வாங்கலாம்?

கேள்வி: எட்டு வயதுப் பையன் பிறந்தநாளுக்கு ஃபைட்டர் மீன் கேட்டு அடம்பிடிக்கிறான். கடையில் உருண்டைக் கண்ணாடி பவுல், எல்.இ.டி. விளக்கும் மோட்டாரும் சேர்ந்த 4 லிட்டர் சதுரத் தொட்டி, சாதாரணக் கண்ணாடித் தொட்டி என்று மூன்றைக் காட்டினார்கள். "இது சேத்துத் தண்ணியிலயே வாழற மீனுங்க, பவுலே போதும்" என்கிறார் கடைக்காரர். எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். எதை வாங்குவது?
- ஒரு வாசகி, பல்லடம்

பதில்: சாதாரணக் கண்ணாடித் தொட்டியை வாங்குங்கள். மற்ற இரண்டும் வேண்டாம்.

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. தாய்லாந்தின் நெல் வயல்களிலும் ஆழமில்லாத சதுப்புகளிலும் வாழ்ந்த மீன் இது. தலைக்குள் இருக்கும் ஓர் உறுப்பின் உதவியால் மேலே வந்து நேரடியாகக் காற்றையும் சுவாசிக்கும். அதனால்தான் கடையில் சின்ன டப்பாவுக்குள்ளும் உயிரோடு இருக்கிறது. ஆனால் கோபிசெட்டிபாளையம் பக்கம் நடவு முடிந்த வயலைப் பாருங்கள். தண்ணீர் கணுக்கால் அளவுதான், பரப்போ ஏக்கர் கணக்கில். மீன் போடும் கழிவு அதில் கரைந்து காணாமல் போய்விடும். 8 அங்குல பவுலில் நிற்கும் மூன்று, நான்கு லிட்டரில் அந்தக் கழிவு அம்மோனியாவாகி, இரண்டொரு நாளிலேயே செவுளை அரிக்கத் தொடங்கும். மீன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். "சோம்பேறி மீன்" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது எத்தனை லிட்டர் என்பதைத்தான். தெரியாது என்றால் நீங்களே கணக்குப் போடலாம். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61-ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். 12×8×8 தொட்டியில் ஆறரை அங்குலம் தண்ணீர் விட்டால் 10 லிட்டர்தான். 15×10×10 தொட்டியில் 8 அங்குலம் விட்டால் ஏறக்குறைய 20 லிட்டர். ஒரு ஃபைட்டருக்கு நான் சொல்லும் குறைந்தபட்ச அளவு இதுதான். மேசையில் இடம் இருந்தால் 18×10×10 இன்னும் நல்லது. உயரமான தொட்டி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நீளத் துடுப்பு கொண்ட மீன் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏறி வர வேண்டுமே! அகலமாக, தாழ்வாக இருக்கட்டும்.

மூடி கட்டாயம். ஃபைட்டர் துள்ளும், காலையில் தரையில் காய்ந்து கிடக்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்றுக்கு விடுங்கள்.

தொட்டியை எடுப்பதற்கு முன் மூக்கை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். வினிகர் போலப் புளிப்பு வாடை அடித்தால் சிலிகான் பசை இன்னும் காயவில்லை என்று அர்த்தம். அந்தத் தொட்டியை அன்றைக்கு எடுக்க வேண்டாம். நான்கு மூலையிலும் பசை இடைவெளி இல்லாமல், குமிழ் இல்லாமல் ஓடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீரும் மணலும் சேர்ந்தால் 30 கிலோவைத் தொடும். பிளாஸ்டிக் ஸ்டூல் தாங்காது. ஆட்டமில்லாத மேசை மேல் ஒரு தெர்மாகோல் அட்டை போட்டு வையுங்கள்.

இந்த மோட்டார் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். செட்டோடு வரும் மோட்டார் பல நேரம் ஃபைட்டருக்கு மிஞ்சிய வேகம். கடையிலேயே ஓடவிட்டு, தெர்மாகோல் துணுக்கு ஒன்றைத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள். அது தொட்டியைச் சுற்றி விரட்டப்பட்டால் உங்கள் மீனுக்கும் அதே கதிதான். சின்ன ஏர் பம்பில் ஓடும், பஞ்சு வழியே தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், விலையும் குறைவு. காற்றைக் குறைக்க ஒரு வால்வும், கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியே பம்புக்குள் ஏறாமல் தடுக்க ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வெயில் ஊர்தானே, ஹீட்டர் எதற்கு என்று கேட்பார்கள். இந்த மீனுக்கு ஏற்றது 24 முதல் 28 டிகிரி. மார்கழி, தை இரவுகளில் நம் பக்கம் 20 டிகிரிக்கும் கீழே போவது உண்டு, சின்னத் தொட்டி சீக்கிரமே சில்லிட்டுவிடும். தெர்மோஸ்டாட் உள்ள 25 அல்லது 50 வாட் ஹீட்டர் 20 லிட்டருக்குப் போதும். சித்திரை வெயிலுக்கு மேற்கு ஜன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். போர் தண்ணீரில் குளோரின் கிடையாது, அது ஒரு வசதி. ஆனால் பல்லடம் பக்கம் உப்பு அதிகம். குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறது என்றால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். வெறும் ஆர்.ஓ. வேண்டாம், மீனுக்குத் தேவையான தாதுக்களும் அதில் போய்விடும். குழாயில் வரும் நல்ல தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை விட்டுத்தான் ஊற்ற வேண்டும். எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஒரே மாதிரி ஊற்றிவருவது முக்கியம், திடீர் மாற்றத்தை மீன் தாங்காது.

பிறந்தநாளுக்கு முன்பே தொட்டியை வாங்கிவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தெரிந்தவர் வீட்டில் ஏற்கெனவே மீன் வளரும் தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கிடைத்தால் நாள் குறையும். அப்புறம் வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். ஸ்பாஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள்.

சாயம் பூசிய கல்லும் முனை கூரான பிளாஸ்டிக் செடியும் வேண்டாம், துடுப்பு கிழியும். பாக்கெட்டில் விற்கும் பாதாம் இலைக்குக் காசு கொடுக்கவும் வேண்டாம். மருந்து அடிக்காத நாட்டுப் பாதாம் மரத்தடியில் பழுத்து விழுந்து காய்ந்த இலை ஒன்றைக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும், மீனுக்கு அது பிடிக்கும். இரண்டு ஆண் ஃபைட்டர்களை ஒரே தொட்டியில் ஒருபோதும் விடக்கூடாது என்பதைப் பையனுக்கும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: மூன்று வாரம் முன்பு வாங்கிய மீன் தொட்டி ஒழுகுகிறது. கடைக்காரர் பில் தரவில்லை, மாற்றித் தரவும் மறுக்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள். அடிக் கண்ணாடியில் கீறல் ஓடியிருந்தால் மேசை சமமில்லாததால் இருக்கலாம், கடையைக் குறை சொல்வது கடினம். மூலைப் பசையில் கசிந்தால் பெரும்பாலும் செய்ததில்தான் குறை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். பில்லில் வேறு கெடு இல்லாதபோது 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. கசிவைப் படமும் வீடியோவும் எடுத்துக்கொண்டு, ஜிபே செய்த விவரத்தோடு கடைக்காரருக்கு இன்றே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள், வெறும் பேச்சோடு விடாதீர்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.