கேள்வி உங்களுடையது: பெயரும் சின்னமும்

செந்தூலில் ஐந்து ஆண்டுகளாக மசாலாத் தூள் அரைத்து விற்கிறேன். கடைப் பெயரை எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்திருக்கிறேன். இப்போது பட்டர்வொர்த்தில் ஒருவர் அதே பெயரில் பாக்கெட் போடுகிறார். தடுக்க முடியுமா?
– வாசகி, செந்தூல்

முடியும், ஆனால் எஸ்.எஸ்.எம். பதிவை மட்டும் காட்டி முடியாது. அந்தப் பதிவு தொழில் நடத்துவதற்கானது. பாக்கெட்டின் மேல் இருக்கும் பெயருக்கு உரிமை வேண்டுமென்றால், அதை மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் வணிகச் சின்னமாகப் பதிய வேண்டும். நம் வியாபாரிகளில் பலர் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறார்கள்.

பதியாத பெயருக்கும் ஒரு வழி உண்டு: உங்கள் சரக்கு என்று எண்ண வைத்து இன்னொருவர் தன் சரக்கை விற்பதற்கு எதிரான வழக்கு. அதில் மூன்றைக் காட்ட வேண்டும். உங்கள் பெயருக்கு மக்களிடம் மதிப்பு உண்டு, அவர் செயலால் வாங்குபவர் குழம்புகிறார், அதனால் உங்களுக்கு இழப்பு. எனவே பழைய ரசீதுகள், தேதியோடு கூடிய பாக்கெட் மாதிரிகள், விளம்பரங்கள், தீபாவளிச் சந்தையில் கடை போட்டதற்கான சீட்டுகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கூடவே பதிவுக்கும் உடனே மனுச் செய்யுங்கள். முதலில் மைஐபிஓவின் இணையப் பதிவேட்டில் அதே பெயரோ ஒலிப்பில் நெருங்கிய பெயரோ இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பட்டர்வொர்த்காரர் உங்களுக்கு முன்பே மனுப் போட்டிருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து வகுப்பு. பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மசாலாத் தூள் 30இல் வரும், ஊறுகாயும் நெய்யும் 29, ஊதுபத்தி 3, உணவகம் 43. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆயத்தப் பட்டியலிலிருந்து பொருளைத் தேர்ந்தெடுத்தால் வகுப்புக்கு 950 ரிங்கிட், சொந்தமாக விவரித்தால் 1,100. கட்டுவதற்கு முன் அன்றைய கட்டணத்தைச் சரிபாருங்கள். மனுப் போட்ட பிறகு பொருள்களைக் கூட்ட முடியாது. நாளை ஊறுகாயும் போடுவதாக இருந்தால் இன்றே 29ஐயும் சேருங்கள்.

மனுக்கள் எங்கே சறுக்குகின்றன? ‘சுத்தமான மசாலா’ போன்ற பெயர்கள் பொருளை வர்ணிப்பதோடு நின்றுவிடுவதால் நிராகரிக்கப்படுகின்றன. தமிழ் எழுத்தில் சின்னம் இருந்தால் ரோமன் எழுத்தில் ஒலிப்பும், மலாய் அல்லது ஆங்கிலத்தில் பொருளும் தர வேண்டும். அதை விட்டுவிட்டு நாளைக் கடத்துவோர் உண்டு. கணவர் பெயரில் மனு, கம்பெனி பெயரில் வியாபாரம் என்று வைத்துக்கொள்வது பின்னால் பெரிய தலைவலி. பரிசோதனையில் தேறினால் சின்னம் வெளியிடப்படும். இரண்டு மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். அதையும் தாண்டினால் பதிவு, மனுத் தேதியிலிருந்து 10 ஆண்டு. பதிவாகும்வரை வட்டத்துக்குள் ‘ஆர்’ போடாதீர்கள், அது குற்றம். ‘டிஎம்’ போடலாம்.

‘மெக்கரி’ உணவகம் வென்றதே! நானும் பெயருக்கு முன்னால் ‘மெக்’ சேர்க்கலாமா?
– வாசகர், ஜார்ஜ் டவுன்

வேண்டாம். மெக்டொனால்ட்ஸ் தொடுத்த வழக்கில் அந்த ஜாலான் ஈப்போ உணவகம் 2006இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றது, 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டில் வென்றது, அதே ஆண்டு செப்டம்பர் 8ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸின் மனுவை ஏற்க மறுத்தது. வென்றதற்குக் காரணம், கடையின் தோற்றம், பலகை, இந்தியச் சாப்பாடு எல்லாம் சேர்ந்து யாரையும் குழப்பவில்லை என்பதுதான். உங்கள் கடையில் பர்கரும் சிவப்பு மஞ்சள் பலகையும் இருந்தால் அந்தத் தீர்ப்பு கைகொடுக்காது. ஒரு சிறிய கடை அத்தனை ஆண்டு வழக்குச் செலவைத் தாங்க வேண்டும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அறிவுசார் சொத்துச் சங்கம் ஒன்று இருக்கிறதாமே? அதில் சேர்ந்தால் போதுமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

போதாது. சங்கம் என்பது வழக்கறிஞர்களும் முகவர்களும் கூடி, சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று வாதாடும் இடம். பதிவு தருவது அரசு. ஆனால் இத்தகைய சங்கங்களின் வேலை நம் கைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 1873 வியன்னா கண்காட்சிக்குத் தங்கள் கண்டுபிடிப்புகளைக் கொண்டுவர வெளிநாட்டார் பலர் தயங்கினார்கள், திருட்டுப் போய்விடும் என்ற அச்சம். அந்த அச்சம், கண்டுபிடிப்புகளையும் வணிகச் சின்னங்களையும் நாடுகளுக்கிடையே காக்கும் 1883 பாரிஸ் ஒப்பந்தத்தில் போய் முடிந்தது. அதைச் செம்மைப்படுத்தவே 1897இல் ஏஐபிபிஐ என்ற அனைத்துலகச் சங்கம் எழுந்தது. இன்று பல நாடுகளில் அதற்குக் குழுக்கள் உண்டு.

ஒப்பந்தத்தின் கனி, முன்னுரிமைக் காலம்: ஓர் உறுப்பு நாட்டில் மனுப் போட்ட தேதியே மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்லும் அவகாசம். சின்னத்துக்கு முதலில் 3 மாதம், 1900இல் பிரஸ்ஸல்ஸில் 4, 1925இல் ஹேக்கில் 6. மலேசியா 1989 ஜனவரி 1 முதல் உறுப்பு நாடு. அதனால் இங்கே மனுப் போட்ட 6 மாதத்துக்குள் சிங்கப்பூரிலோ இந்தியாவிலோ போட்டால், இங்குள்ள தேதியே அங்கும் செல்லும். இடையில் அங்கே ஒருவர் உங்கள் பெயரில் மனுப் போட்டாலும் நீங்களே முந்தியவர். ஏழாவது மாதம் போனால் இந்தச் சலுகை இல்லை. ஏற்றுமதி எண்ணம் இருப்பவர்கள் காலண்டரில் குறித்து வையுங்கள்.

பாட்டியின் ரசப்பொடிப் பக்குவத்துக்குக் காப்புரிமை கிடைக்குமா?
– வாசகி, பாயான் லெப்பாஸ்

எழுதிய குறிப்பின் வாசகத்துக்குப் பதிப்புரிமை, அதாவது பிறர் அதை நகலெடுப்பதைத் தடுக்கும் உரிமை, உண்டு, பதியாமலே. பக்குவத்துக்கு அந்த உரிமை இல்லை; அதைப் படித்து யாரும் ரசப்பொடி அரைக்கலாம். வெளிவிடாமல் காப்பதே வழி. வேலையாட்களிடம் இரகசியம் காப்பதாக எழுத்தில் வாங்குங்கள், அளவுகளை ஒருவரிடமே முழுதும் கொடுக்காதீர்கள்.