பந்தய அணியில் மகள்: கவலைப்படும் ஒரு தந்தைக்கு

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை உங்கள் பயம் மட்டுமே கண்ணில் பட்டது. பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய காரைப் பந்தயக் காராக மாற்றி ஓட்டும் அணியில் இருக்கிறாள். வார இறுதிகளில் வீடு தங்குவதில்லை. இரண்டு பாடங்களில் தேறவில்லை. இப்போது படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரப் பந்தய ஓட்டுநராகப் போகிறேன் என்கிறாள். இரண்டாம் முறை படிக்கும்போதுதான், கடைசிப் பத்தியில் நீங்கள் ஒரு குறையாக எழுதியிருந்த விஷயம் தட்டுப்பட்டது. பந்தயம் முடிந்த மறுநாள், கூப்பிட்டாலும் காதில் விழாமல், ஏதோ ஒரு நோட்டுப்புத்தகத்தில் டயர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள் என்கிறீர்கள். அந்த நோட்டுப்புத்தகத்தை நான் பார்க்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தக் கைதட்டல். "அவ்வளவு பெரிய கூட்டமும் எங்கள் காரைப் பார்த்துக் கத்தியது அப்பா" என்று அவள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவள் பொய் சொல்லவில்லை. டூரிங் கார் பந்தயத்தின் தனிக் கவர்ச்சியே அதுதான். ஓடுவது சாலையில் நாம் தினமும் பார்க்கும் காரின் உருவம். உள்ளே இருக்கைகளையும் மெத்தைகளையும் கழற்றி எறிந்துவிட்டு எஃகுக் குழாய்க் கூண்டு பொருத்தியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் கார். அது இன்னொரு காரின் கதவோடு உரசிக்கொண்டு வளைவில் திரும்பும்போது யாராக இருந்தாலும் எழுந்து நின்று கத்தத்தான் செய்வார்கள். ஆனால் அமெச்சூர் அணிகளின், அதாவது பிழைப்புக்காக அல்லாமல் ஆர்வத்துக்காக ஓட்டுபவர்களின், பந்தயம் பல நேரங்களில் ஒரு பெரிய சாம்பியன்ஷிப்பின் முன்னோட்டமாகவோ இடைவேளையிலோ நடப்பது. கூட்டம் டிக்கெட் வாங்கியது அந்தப் பெரிய பந்தயத்துக்காக. உங்கள் மகளுக்குக் கிடைத்தது அந்தக் கூட்டத்தின் உற்சாகத்தில் ஒரு பங்கு. இதை அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், குத்திக்காட்டுவது போலாகிவிடும். நான் சொல்லிக்கொள்கிறேன்.

அமெச்சூர்களும் தொழில்முறை ஓட்டுநர்களும் ஒரே நேரத்தில், ஒரே தடத்தில் ஓடும் பந்தயங்களும் உண்டு. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயம் 1970 முதல் நடந்துவருகிறது. 1927இல் திறக்கப்பட்ட மலைக்காட்டுத் தடத்தையும் புதிய தடத்தையும் இணைத்து, ஒரு சுற்று ஏறக்குறைய 25 கிலோமீட்டர். நூறுக்கும் மேற்பட்ட கார்கள். அண்மை ஆண்டுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள். பெரிய கார் நிறுவனங்களின் ஆதரவு பெற்ற அணிகள் ஒரு பக்கம். வார நாட்களில் பல் மருத்துவராகவோ மரத்தச்சராகவோ இருந்துவிட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு வருபவர்கள் இன்னொரு பக்கம்.

உங்கள் மகள் அந்தப் பந்தயத்தில் வென்ற சபினே ஷ்மிட்ஸைப் பற்றிச் சொல்லியிருப்பாள். சொல்லாவிட்டால்தான் ஆச்சரியம். 1996இலும் 1997இலும் பி.எம்.டபிள்யூ எம்3 காரில் நூர்பர்க்ரிங்கை வென்றவர். அந்தப் பந்தயத்தில் வெற்றி பெற்ற முதல் பெண். 2021இல் அவர் மறைந்த பிறகு தடத்தின் ஒரு வளைவுக்கே அவர் பெயர் வைத்தார்கள். அவள் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய பகுதி ஒன்றுண்டு. ஷ்மிட்ஸின் குடும்பம் தடத்தின் அருகிலேயே ஓட்டல் நடத்தியது. அவரும் முறைப்படி கற்றது ஓட்டல் தொழில்தான். அந்தத் தடத்தில் அவர் வளர்ந்தார், அது அதிர்ஷ்டம். கையில் ஒரு தொழிலும் இருந்தது.

இனி, பலர் வாய்விட்டுச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். பந்தயக் காரில் ஓட்டுநர் இருக்கை என்பது, மிகப் பெரும்பாலோருக்கு, சம்பளம் வரும் இடம் அல்ல; பணம் கட்டி உட்காரும் இடம். நுழைவுக் கட்டணம், டயர், எரிபொருள், காப்பீடு, மோதினால் பழுதுச் செலவு என்று எல்லாவற்றையும் மூன்று நான்கு ஓட்டுநர்கள் பங்குபோட்டுக்கொள்வார்கள். சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பு ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. சில சாம்பியன்ஷிப்புகளில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கல ஓட்டுநர் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி உண்டு. அந்த வெண்கல ஓட்டுநர் யார்? பெரும்பாலும் வேறு தொழிலில் நன்றாகச் சம்பாதித்து, அந்தப் பணத்தில் அணியின் செலவைத் தாங்குபவர். அவருடைய பணத்தில்தான் அதே காரின் மெக்கானிக்குக்கும் பொறியாளருக்கும் சம்பளம் போகிறது. நான் பார்த்தவரை, படிப்பைப் பாதியில் விடும் பிள்ளைகள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள்.

சம்பளம் வாங்கும் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் ஏழெட்டு வயதிலேயே கோ-கார்ட் என்ற சிறு பந்தய வண்டியில் தொடங்கியவர்கள். பத்தொன்பது வயதில் அந்த வரிசையில் போய் நிற்பது மிகக் கடினம். ஆனால் அமெச்சூராக ஓட்டுவதற்கு வயது ஒரு தடையே இல்லை. நடிகர் பால் நியூமன் தொழில்முறைப் பந்தயத்துக்குள் வந்தது நாற்பதுகளின் பின்பாதியில். 1979இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி இரண்டாவதாக வந்தபோது அவருக்கு வயது 54. உங்கள் மகளுக்குப் பட்டம் வாங்க மீதமிருப்பது இரண்டு ஆண்டு. ஓட்டுநர் இருக்கையில் உட்கார இன்னும் முப்பது ஆண்டு இருக்கிறது. எது அவசரம் என்று அவளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். கணக்கில் கெட்டிக்காரி என்றுதான் நினைக்கிறேன், அந்த நோட்டுப்புத்தகம் சொல்கிறது.

இப்போது நோட்டுப்புத்தகம். பந்தய அணியில் டயர் பார்ப்பவர் என்றால் சக்கரத்தைக் கழற்றி மாட்டுபவர் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அது வேலையின் கால் பங்கு. குளிர்ந்த டயரில் 22 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தின் அளவு) காற்று வைத்து அனுப்பினால், சில சுற்றுகளில் டயருக்குள் இருக்கும் காற்று 20 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாகி, அழுத்தம் ஏறக்குறைய 29க்குப் போய்விடும். பள்ளியில் படித்த வாயு விதிதான், வேறொன்றுமில்லை. அழுத்தம் கூடினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைப் பிடிக்கும், பிடிமானம் போகும். மிகவும் குறைந்தால் டயரின் ஓரச்சுவர் நெளிந்து சூடாகிக் கிழியலாம். ஆகவே சூடான நிலையில் எவ்வளவு வேண்டும் என்று முதலில் முடிவுசெய்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, காலையில் எவ்வளவு வைத்து அனுப்புவது என்று தீர்மானிக்க வேண்டும். வெயில் ஏறினால் அந்த எண் மாறும். மேகம் மூடினால் மாறும். முன்பக்க இடது டயருக்கும் பின்பக்க வலது டயருக்கும் வேறு வேறு எண்கள். இதையெல்லாம் ஒரு பெண் யாரும் கேட்காமல், மறுநாள் உட்கார்ந்து எழுதிவைக்கிறாள் என்றால், அவள் ஏற்கனவே ஒரு வேலையைப் பழகிக்கொண்டிருக்கிறாள். கார் நிறுவனங்களின் சோதனைப் பிரிவில், டயர் நிறுவனங்களில், பிரேக்கும் சஸ்பென்ஷனும் செய்யும் நிறுவனங்களில், சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்விக்கும் வேலை அது.

லீனா கேட் என்ற பொறியாளரைப் பற்றி அவளுக்குச் சொல்லுங்கள். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் பெண். விமான, விண்வெளிப் பொறியியல் படித்தார், ஒரு கார் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார், ஓய்வு நேரத்தில் சிறிய பந்தய அணிகளில் உழைத்தார். 2011இல் ஆடி கார் நிறுவனத்தின் அணி லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றபோது, அந்தக் காரின் பந்தயப் பொறியாளர் அவர்தான். அந்த வெற்றியைப் பெற்ற முதல் பெண் பந்தயப் பொறியாளர். கூட்டம் அவரைப் பார்த்துக் கத்தியிருக்காது. ஆனால் ரேடியோவில் ஓட்டுநரின் காதில் ஒலித்த குரல் அவருடையது.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், இதேபோல ஓர் அணியில் எரிபொருள் கணக்குப் பார்த்துவந்த மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். எத்தனை சுற்றுக்கு ஒருமுறை பிட்டுக்கு, அதாவது டயர் மாற்றி எரிபொருள் நிரப்பும் இடத்துக்கு, அழைப்பது, விபத்து நேர்ந்து எல்லாக் கார்களையும் மெதுவாக்கும் பாதுகாப்புக் கார் வந்தால் திட்டத்தை எப்படி மாற்றுவது என்று கண்கள் மின்னப் பேசினான். பொழுதுபோக்கு வேறு, பிழைப்பு வேறு என்று நான் உபதேசம் செய்தேன். அவனும் கேட்டான். அணியை விட்டான், நல்ல மதிப்பெண்ணோடு பட்டம் வாங்கினான். பிறகு வந்து சொன்னான்: நேர்காணலில் "நீங்களாகத் தீர்த்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போதெல்லாம், பாதியில் விட்ட அந்தப் பந்தயங்களைத் தவிர அவனிடம் சொல்ல ஒன்றும் இல்லையாம். அதிலிருந்து இந்த விஷயத்தில் என் வாயை அடக்கிக்கொண்டேன். அதனால்தான் உங்கள் மகளை அணியிலிருந்து நிறுத்துங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் அதை எதிர்பார்த்து எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

நிறுத்த வேண்டியது படிப்பை விடும் யோசனையை மட்டும். தேறாத இரண்டு பாடங்களையும் அடுத்த தேர்விலேயே முடிக்கட்டும். அந்தத் தேர்வுகள் முடியும்வரை மாதத்துக்கு ஒரு வார இறுதி மட்டும் அணிக்கு என்று அவளே ஒப்புக்கொள்ளும்படி பேசிப் பாருங்கள். முழுத்தடை போட்டால் ஒளித்துப் போவாள். கல்லூரியில் மாணவர் பந்தயக் கார் அணி இருந்தால் அதில் சேரட்டும். ஃபார்முலா எஸ்.ஏ.இ. என்ற பெயரில் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தொடங்கிய மாணவர் போட்டி இன்று பல நாடுகளில் நடக்கிறது. அங்கே வேகத்துக்கு மட்டும் மதிப்பெண் இல்லை. வடிவமைப்பை நடுவர்கள் முன் நின்று நியாயப்படுத்த வேண்டும், செலவுக் கணக்கு காட்ட வேண்டும், ஒரு வணிகத் திட்டத்தையும் விளக்க வேண்டும். கல்லூரிப் பாடமும் காரும் ஒரே மேசையில் வந்துவிடும், வீட்டில் சண்டை பாதியாகக் குறையும். வீட்டிலிருந்தபடி செய்வதற்கும் ஒன்று இருக்கிறது: பந்தயக் கார்களின் தரவுப் பதிவைப் படிக்கும் மோடெக் ஐ2 மென்பொருளை இலவசமாகவே பதிவிறக்கிக்கொள்ளலாம். பிரேக்கை எங்கே மிதித்தார், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினார் என்று கோடுகளைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவரைச் சிறிய அணிகள் தேடிக்கொண்டே இருக்கின்றன.

ஆபத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். 1955 ஜூன் 11 அன்று லெ மானில் ஒரு கார் பார்வையாளர் பகுதிக்குள் பாய்ந்து 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த விளையாட்டின் பாதுகாப்பு விதிகள் பலவும் இப்படி ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் எழுதப்பட்டவைதான். இன்று ஓட்டுநருக்குக் கூண்டு, பல முனை இருக்கைப் பட்டை, கழுத்தைத் தாங்கும் ஹான்ஸ் கருவி, தீப்பிடிக்காத உடை எல்லாம் இருக்கின்றன. பந்தயத்துக்கு முன் அதிகாரிகள் காரையும் உடையையும் சோதிக்கிறார்கள். உங்கள் மகள் நிற்பது பிட் பகுதியில். அங்கே ஓட்டுநரைவிடக் கவசம் குறைவு, எரிபொருள் அருகில் இருக்கும், நகரும் கார்களும் இருக்கும். ஆகவே அணித் தலைவரிடம் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள்: எரிபொருள் நிரப்பும்போது அருகில் நிற்பவர்களுக்குத் தீப்பிடிக்காத உடையும் ஹெல்மெட்டும் உண்டா, தீயணைப்பான் யார் கையில், பிட் ஆட்களுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா, இரவு முழுக்கக் கண்விழித்து வேலை செய்துவிட்டுத் திரும்பும்போது வண்டியை ஓட்டுவது யார். கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியம். தடத்தைவிட வீடு திரும்பும் சாலைதான் எனக்குக் கவலை. சரியான பதில் வராவிட்டால் அந்த அணியை விட்டு வேறு அணி பார்க்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம்.

இன்னொன்று. இதுவரை நீங்கள் ஒரு பந்தயத்துக்கும் போனதில்லை என்று தெரிகிறது. ஒருமுறை போய்வாருங்கள். பார்வையாளர் மேடையில் உட்கார வேண்டாம். அணியின் கூடாரம் இருக்கும் பின்பகுதிக்குப் போய், பந்தயத்துக்கு முந்தைய இரண்டு மணி நேரம் அவள் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். ஓட்டுநர் இருக்கையை ஏக்கத்தோடு பார்க்கிறாளா, அழுத்தமானியைக் கையில் வைத்துக்கொண்டு டயரைச் சுற்றி வருகிறாளா? இரண்டுக்கும் நான் சொல்லும் ஆலோசனை வேறு. கடிதத்தை வைத்து என்னால் ஊகிக்கத்தான் முடியும், கண்ணால் பார்த்து நீங்கள் சொன்னால் நல்லது.

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே வாருங்கள். நோட்டுப்புத்தகத்தை அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்தால் கொண்டுவாருங்கள். தெரியாமல் எடுத்து வர வேண்டாம். பந்தயத்தின் நடுவே மழை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தீர்களே, அந்தச் சுற்றுகளில் அழுத்தத்தை என்ன செய்தாள் என்று அவளிடம் கேட்க வேண்டும்.