"யாருக்கும் தெரியாமல்" தத்தெடுக்க நினைப்பவர்களுக்கு: கேள்வி பதில்

நெல்லைச் சீமையில் தத்தெடுக்க விண்ணப்பித்தவர்களின் வீடு வீடாகப் போய் அறிக்கை எழுதுவதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. என் மகளும் தத்து வந்தவள்தான். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இந்த முறை வந்த கேள்விகளில் பாதியில் "யாருக்கும் தெரியாமல்" என்ற சொல் இருந்தது. அதனால் பதில் கொஞ்சம் காட்டமாகவே இருக்கும், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அக்கா, எனக்கு 41 வயது, கணவருக்கு 47. கைக்குழந்தையாகவே வேண்டும். பதிவு செய்தால் எப்போது கிடைக்கும்? (அம்பாசமுத்திரம்)

முதலில் வயதைக் கூட்டுங்கள். உங்கள் இருவருக்கும் சேர்த்து 88. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு 90 வரை அனுமதி உண்டு. பதிவு செய்யும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. ஆகவே இன்னும் யோசித்துக்கொண்டிருந்தால் அந்தக் கதவும் மூடிவிடும்.

மத்தியத் தத்துவள ஆணையத்தின் (CARA) இணையதளத்தில் பதிவு செய்து, 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்ற வேண்டும். பிறகு காத்திருப்பு. கைக்குழந்தை கேட்பவர்கள் மூன்று ஆண்டுக்கு மேல் காத்திருப்பது சாதாரணம். பெற்றோராகக் காத்திருப்பவர்கள் ஏராளம். சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட குழந்தைகள் குறைவு. மூன்று வயதுப் பிள்ளை ஒட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒட்ட நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

தனியார் மருத்துவமனையில் தெரிந்த ஒருவர், திருமணமாகாத பெண்ணின் குழந்தையைத் தருவதாகச் சொல்கிறார். செலவுக்குப் பணம் கேட்கிறார். பிறப்புச் சான்றிதழே எங்கள் பெயரில் வந்துவிடுமாம். யாருக்கும் தெரியாது என்கிறார். (வள்ளியூர்)

அதற்குப் பெயர் தத்து இல்லை, விற்பனை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் அபராதமும் உண்டு. மருத்துவமனை ஊழியர் செய்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு.

சட்டத்தை விடுங்கள், அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். குழந்தைகள் நலக் குழு முன் கையெழுத்திட்டு ஒப்படைத்திருந்தால், மனம் மாற அவளுக்கு 60 நாள் அவகாசம் இருக்கும். அந்த இரண்டு மாதத்தைத்தான் இந்த மனிதர் உங்களுக்கு விற்கிறார். பொய்ச் சான்றிதழோடு வளரும் பிள்ளையின் வீட்டில், கதவு தட்டப்படும் ஒவ்வொரு முறையும் உங்கள் நெஞ்சு பதறும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்து விவரத்தைச் சொல்லுங்கள்.

வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள்? எங்களுடையது வாடகை வீடு. (சேரன்மகாதேவி)

வாடகை வீடு குறையே இல்லை. ஒரு வீட்டில் எனக்காகப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜைத் தூக்கிவந்து வைத்திருந்தார்கள். திறந்து பார்த்தால் உள்ளே பக்கத்து வீட்டு மாவும் மீன் குழம்பும்! சிரித்துவிட்டேன். அவர்களுக்கு நல்ல அறிக்கைதான் எழுதினேன். ஆனால் பளபளவென்றிருந்த இன்னொரு வீட்டில், கணவர் பேசும்போதெல்லாம் மனைவி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மறுபடியும் போய், அவரிடம் தனியாகப் பேசினேன். குழந்தை வேண்டாம் என்பதுதான் அவர் மனதில் இருந்தது, மாமியாருக்காகத் தலையாட்டியிருக்கிறார். வருமானம், உடல்நலம் எல்லாம் ஆவணத்தில் தெரிந்துவிடும். இருவருக்கும் விருப்பம் உண்டா என்பது நேரில் பேசினால்தான் தெரியும்.

கொழுந்தனாரின் மனைவி மாசமாக இருக்கிறாள். மூன்றாவது பிள்ளை. பிறந்ததும் எங்களுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். (களக்காடு)

சொன்னது யார்? அவளா, கொழுந்தனாரா, மாமனாரா? பிறப்பதற்கு முன் கொடுத்த வாக்கை வாக்காக எடுக்காதீர்கள். பெற்று, மார்பில் பால் ஊறி, பிள்ளை முகம் பார்த்த பிறகும் அவள் தன் வாயால் சொல்லட்டும். மாட்டேன் என்றால் முகம் கோணாமல் பிள்ளைக்குச் சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கொடுத்தால், உறவுக்குள்தானே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டப்படி பிள்ளையைக் கொடுத்து வாங்கும் செயல் நடக்க வேண்டும்; பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். பின்னாளில் வயல் பங்கு பிரிக்கும்போது அது பேசும். இன்னொன்று: பெற்றவள் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் எதிரில் நிற்பாள். பிள்ளையிடம் மறைக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். பந்தியில் யாராவது ஒரு பெரியம்மா உளறிவிடுவாள்.

நாங்கள் முஸ்லிம்கள். எங்களுக்குத் தத்தெடுக்கச் சட்டம் இடம் தருமா? (மேலப்பாளையம்)

தரும். இளைஞர் நீதிச் சட்டம் மதம் பார்ப்பதில்லை; 2014-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அந்தச் சட்டப்படி தத்தெடுக்க விரும்பாதவர்கள் பாதுகாவலராக மட்டும் இருக்கலாம். மார்க்கத்தை அனுசரித்து, உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்கு ஹிபாவாக, அதாவது தானமாக, எழுதிக் கொடுக்கும் குடும்பங்கள் உண்டு. பாலூட்டினால் தாய்-பிள்ளை உறவு உண்டாகும் என்ற மார்க்க முறையை நினைத்து, மருத்துவர் வழிகாட்டலில் பால் சுரக்கவைத்து ஊட்டும் தாய்மாரும் உண்டு.

எந்தச் சாதிக் குழந்தையோ, குலதெய்வம் ஏற்குமோ என்று மாமியார் கேட்கிறார். (திருநெல்வேலி டவுன்)

சாதியைக் கேட்கக் கூடாது. குலதெய்வத்துக்கு வருவோம். பங்குனி உத்திரத்துக்கு ஊரே அவரவர் சாஸ்தாவைத் தேடிக் கிளம்பும் நாடு நம்முடையது. ஐயப்பனாக வந்த சாஸ்தாவைப் பந்தளத்து ராஜா பம்பைக் காட்டில் கண்டெடுத்து வளர்த்தார் என்றுதானே நாம் கதை சொல்கிறோம்? கண்டெடுத்த பிள்ளையைச் சாமியாகக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வரும் பிள்ளையை வாசலில் நிறுத்துவதா! என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. மறு வருடம் சாஸ்தா கோவிலில் என் தம்பி மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்தினோம். கம்மல் வாங்கித் தந்தது மாமியார்தான்.

பிள்ளையிடம் எந்த வயதில் சொல்வது? (தென்காசி)

பேச்சு வருவதற்கு முன்பே. "ரயிலேறிப் போய் உன்னைக் கூட்டி வந்தோம்" என்று தூங்கவைக்கும்போது சொல்வேன். நான்கு வயதில் என் மகள் கேட்ட முதல் சந்தேகம்: "வரும்போது எனக்கு ஜன்னல் சீட்டா?"

நான்கு மாதப் பெண் குழந்தையை ஏற்றுக்கொண்டோம். அடுத்த வாரம் அழைத்து வருகிறோம். பசும்பால் கொடுக்கலாமா? சேனை வைக்க அத்தை தேன் வாங்கி வைத்திருக்கிறார். (பாளையங்கோட்டை)

மகிழ்ச்சி! தேன் கூடவே கூடாது. ஒரு வயதுக்கு முன் அதிலுள்ள நுண்கிருமி குழந்தையின் நரம்பையே முடக்கக்கூடும். அத்தை ஆசைக்கு அவர் நாக்கில் நீங்கள் வையுங்கள். பசும்பாலும் இப்போது வேண்டாம். குழந்தை இருக்கும் தத்து மையத்தில் எந்தப் பால்மாவு, எத்தனை கரண்டி, எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கி, அதையே தொடருங்கள். மாற்றுவதென்றால் மருத்துவரைக் கேட்டு மெதுவாக. பாலாடை, புட்டி எதுவானாலும் கழுவிக் கொதிக்கவையுங்கள். மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

இப்போது நீங்கள் அழைத்து வருவது தத்துக்கு முந்தைய வளர்ப்பாக. மையம் அமைந்திருக்கும் மாவட்டத்து ஆட்சியர்தான் தத்து ஆணை தருவார். 2022 செப்டம்பரிலிருந்து இது நீதிமன்றத்தின் கையில் இல்லை. பிள்ளை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒரு முறை யாராவது பார்க்க வருவார்கள். ஃபிரிட்ஜ் கடன் வாங்க வேண்டாம்.

முதல் சில வாரம் உறவுக் கூட்டத்தைத் தள்ளிவையுங்கள். மையத்து ஆயாவிடம் பிள்ளையை எந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், எந்தப் பாட்டுக்குத் தூங்கினாள் என்று கேளுங்கள். அவள் படுத்திருந்த துணி ஒன்றைத் துவைக்காமல் வாங்கி வாருங்கள். பழகிய வாசனை பக்கத்தில் இருக்கட்டும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்: என் அத்தை முதல் நாளே அதைச் சோப்புப் போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டுவிட்டார். அன்றிரவு எங்கள் தெருவே தூங்கவில்லை.